சிவப்பு மையில் எழுத வேண்டியது

அக்கா படிக்கும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. நின்றால் அவருக்குக் கோபம் வராது, நமக்குத்தான் வரும். மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் படிக்கிற பக்கத்துக்கு அவர் எட்டு நிமிடம் எடுத்துக்கொள்வார். படித்து முடித்து, காகிதத்தைக் கவிழ்த்து வைத்து, கண்ணை மூடி, உதட்டை அசைத்து, அப்புறம்தான் பேனாவைத் தொடுவார். "என்னக்கா, பரீட்சைக்கா போறீங்க?" என்று நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். "பாத்துக்கிட்டே எழுதினா கைதான் படிக்கும் தம்பி, மண்டை படிக்காது" என்று நூறு தடவையும் அதே பதிலைச் சொல்லியிருக்கிறார்.

எங்களுடையது விசாரணை ஆணைய அலுவலகம். எங்கேயாவது கட்டடம் இடிந்தால், படகு கவிழ்ந்தால், பாய்லர் வெடித்தால், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை விசாரிக்கச் சொல்வார்கள். சாட்சிகள் சொன்னதெல்லாம் ஆயிரக்கணக்கான பக்கங்களாக வந்து எங்கள் மேஜையில் குவியும். அக்கா அவற்றைப் படித்துக் குறிப்புச் சீட்டு எழுதுவார். நீதிபதி ஐயா சீட்டுகளைப் படிப்பார். ஐயா அடுக்கித் தருகிற வரிசையில் அந்தச் சீட்டுகளை வாக்கியங்களாக்கி, அறிக்கையாகத் தட்டச்சு செய்வது என் வேலை. ஆக, சாட்சி சொன்னதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஜீவன் அக்காதான். இது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும், வெளியே ஒருத்தரும் மூச்சு விட மாட்டோம்.

சீட்டு எழுதுவதில் அவருக்கு ஒரு கெடுபிடி உண்டு. ஒரு சீட்டில் ஒரு விஷயம்தான். வலது மேல் மூலையில் பக்க எண் இருக்க வேண்டும். எண் இல்லாத சீட்டைக் கிழித்துப் போடுவார். பின்பக்கத்தில் எழுதவே மாட்டார், திருப்பிப் பார்க்கிற அளவுக்கு இந்த அலுவலகத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது என்பது அவர் கணிப்பு. சீட்டுகளைச் சாட்சிவாரியாக அடுக்காமல் கேள்விவாரியாக அடுக்குவார். காலணி வாங்கிய அட்டைப்பெட்டிகளில் 'சாவி யாரிடம் இருந்தது', 'யாரிடம் சொன்னார்கள்', 'எத்தனை மணி' என்று தடுப்பு அட்டைகள் நிற்கும். "ஆளு பேரு போட்டு அடுக்கினா ஆளுதான் கிடைப்பான், விஷயம் கிடைக்காது" என்பார். எந்த விசாரணையில் எதைக் கேட்டாலும் அரை நிமிடத்தில் சீட்டு வந்து விழும். ஐயாவே அசந்துபோவார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. சாட்சி சொன்னது நீல மையில். அதைப் படித்தபோது அக்காவுக்குத் தோன்றிய சந்தேகம், கேள்வி, ஊகம் எல்லாம் சிவப்பு மையில், தனிச் சீட்டில். இதனால் அவருக்குச் 'சிவப்புப் பேனா' என்று பட்டப்பெயர் விழுந்தது. வைத்தது நான்தான். அவர் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம், சிரிப்பார்.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் தேநீர் குடிக்கும்போது சொன்னார். அவருடைய கூடப்பிறந்த தம்பி பொறியியல் படித்தபோது புத்தகங்களையெல்லாம் அக்காதான் படித்துக் குறிப்பு எழுதிக் கொடுப்பாராம். தனக்குத் தோன்றியதையும் நடுநடுவே அப்படியே சேர்த்து எழுதிவிடுவார். தம்பி வாய்மொழித் தேர்வில் அதில் ஒன்றைப் புத்தகத்தில் இருப்பதாகச் சொல்ல, எந்தப் புத்தகம் என்று கேட்டிருக்கிறார்கள். அவன் திருதிருவென்று முழித்திருக்கிறான். ஒரு வருஷம் போயிற்று. அந்த ஒரு வருஷமும் அக்காவோடு அவன் பேசவில்லை. "நான் நினைச்சதை இன்னொருத்தர் வாயில வெச்சுட்டேன். இனிமே அது நடக்கக் கூடாதுன்னுதான் இந்தப் பேனா" என்றார். நான் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டே தலையாட்டினேன்.

பிறகு அந்த லிஃப்ட் வழக்கு வந்தது. பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டைத் தூக்குகிற கம்பிக்கயிறு அறுந்து நாலு பேர் செத்துப்போனார்கள். அதில் ஒரு பெண் எட்டாவது மாடி அலுவலகத்தில் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவள். இரண்டாயிரத்து நூற்று நாற்பது பக்க வாக்குமூலம். மாதாமாதம் வந்து லிஃப்டைப் பார்க்கிற மெக்கானிக் நாற்பது பக்கம் சாட்சி சொல்லியிருந்தான்.

இனி சொல்லப்போவது என் லட்சணம். அறிக்கையின் முதல் பகுதியில் தலைப்புகளுக்கு அடிக்கோடு போட அக்காவின் சிவப்புப் பேனாவை வாங்கினேன். சட்டைப்பையில் செருகிக்கொண்டேன். அப்படியே மைத்துனன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவில் போய்விட்டேன். கல்யாணப் படத்தில்கூட என் பையில் அந்தப் பேனா தெரிகிறது, பெரிய அதிகாரி மாதிரி.

அந்த இரண்டு நாளில் அக்கா வேலையை நிறுத்தவில்லை. சிவப்பில் எழுத வேண்டியதையும் நீலத்திலேயே எழுதி, மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். பேனா வந்ததும் புள்ளி வைத்த சீட்டுகளையெல்லாம் சிவப்பில் எழுதி மாற்றிவிடுவது திட்டம். மூன்றாம் நாள் காலையில் பேனாவை நீட்டினேன். "என் பேனாவுக்கும் கல்யாணச் சாப்பாடு போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்த வாக்கில் பத்துச் சீட்டுகளை மாற்றினார். ஆனால் பதினோராவது ஒன்று இருந்தது. 'கம்பி' என்று தடுப்பு அட்டை போட்ட கட்டை முந்தின நாள் மாலையே ஐயா கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார். அந்தக் கட்டுக்குள் அது போய்விட்டது. எல்லாவற்றுக்கும் பக்க எண் போடுகிற அக்கா, புள்ளி வைத்தது எத்தனை என்று மட்டும் எண்ணி வைக்கவில்லை.

அறிக்கை முடிந்தது. அறுபது பிரதி அச்சடித்து நூலகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அனுப்பினோம். பதினோரு நாள் கழித்து மெக்கானிக்கைக் கைது செய்தார்கள். லைசென்ஸ் முன்னமே போயிருந்தது. ஒழியட்டும் என்றுதான் நினைத்தேன். பார்க்காமலே கையெழுத்துப் போட்டு நாலு பேரைக் கொன்றவன் உள்ளே போனால் எனக்கென்ன?

அவன் மனைவி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை, மூன்றரை மணிக்கு. கையில் அந்த அறிக்கை. எண்பத்தெட்டாம் பக்கத்தை மடித்து மடித்து அது தனியே கழன்றுவிடும்போல இருந்தது.

"இதுல அவரே ஒப்புக்கிட்டார்னு போட்டிருக்குங்க. அவர் அப்படிச் சொல்லவே இல்லைங்கிறார். நகல் கேட்டா மூணு மாசம் ஆகும்னு சொல்றாங்க. எந்தப் பக்கத்துல அவர் சொன்னார்னு மட்டும் காட்டுங்க. கண்ணால பாத்துட்டேன்னா பேசாம போயிடுறேன்."

"அதெல்லாம் வெளியாளுங்களுக்குக் காட்டக் கூடாதும்மா" என்றேன், பெரிய இவன் மாதிரி.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. பக்கம் இல்லாம இங்க எதையும் எழுத மாட்டோம். இப்ப எடுத்துட்டு வர்றேன்." அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆவண அறையிலிருந்து வாக்குமூலக் கட்டைக் கொண்டுவந்து, நினைவிலிருந்தே அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தார். படித்தார். கண்ணை மூடவில்லை. மறுபடி படித்தார். முந்தின பக்கத்தைப் பார்த்தார், அடுத்த பக்கத்தைப் பார்த்தார். அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, கம்பிக் கட்டை எடு."

கொடுத்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எண் போட்ட சீட்டுகள் இரண்டு இருந்தன. இரண்டும் நீலம். முதல் சீட்டில், 'கயிற்றைப் பார்த்தேன். மூன்று இழை அறுந்திருந்தது. மேலாளரிடம் சொன்னேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்.' இரண்டாவதில், 'கயிற்றைப் பார்க்கவில்லை. நாலு மாதக் கையெழுத்தும் ஒரே நாளில் போட்டது.' இரண்டாவது சீட்டின் மூலையில் பென்சில் புள்ளி.

அக்கா அந்தப் புள்ளியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். பிறகு விரலை எடுத்துவிட்டு, "இந்த முதல் சீட்டுதாம்மா உன் வீட்டுக்காரர் சொன்னது" என்றார். "ரெண்டாவது அவர் சொன்னது இல்லை. நான் நினைச்சது."

அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. சத்தம் போடுவாள், அடிக்க வருவாள் என்றுகூட நான் எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். "ஏம்மா அப்படி நினைச்சீங்க?"

"பராமரிப்பு நோட்டைப் பாத்தேன். நாலு மாசக் கையெழுத்தும் ஒரே மை, அச்சா ஒரே மாதிரி. மாசாமாசம் வந்து போட்டிருந்தா மை மாறியிருக்கணுமேன்னு தோணிச்சு."

"அந்த மோட்டார் ரூம்ல பேனா ஒண்ணுதான்மா இருக்கு. கயித்துல கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. வர்றவங்க எல்லாரும் அதுலதான் போடணும். ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனப்ப நானே பாத்திருக்கேன்."

வாழ்நாளெல்லாம் மையின் நிறத்தைப் பார்த்தே யார் சொன்னது என்று பிரித்தவர் அக்கா. மெக்கானிக்கையும் அப்படித்தான் பிரித்துவிட்டார். கயிற்றில் தொங்குகிற பேனா அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்குமா என்றால், நான் அந்த நோட்டைப் பார்க்கவே இல்லை.

"நான் எழுதிக் குடுக்கிறேம்மா. கோர்ட்ல வந்தும் சொல்றேன்" என்றார் அக்கா.

அவள் போன பிறகு நான் அறிக்கையைப் பிரித்துப் பார்த்தேன். எண்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்த வாக்கியம் இது: 'முதலில் கயிற்றைப் பார்த்ததாகக் கூறிய சாட்சி, பின்னர் பார்க்கவில்லை என்று தாமே ஒப்புக்கொண்டார்.' அக்காவின் சீட்டில் 'முதலில்' இல்லை, 'பின்னர்' இல்லை, 'தாமே ஒப்புக்கொண்டார்' இல்லை. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சீட்டு, ஒரே பக்க எண். எழுந்துபோய் அக்காவைக் கேட்டிருக்கலாம், பத்து அடி தூரம்தான். நான் கேட்கவில்லை. வாக்கியம் ஓடட்டும் என்று நானே ஒட்டுப்போட்டேன். எத்தனையோ அறிக்கைகளில் போட்டுப் பழகிய ஒட்டு அது. ஐயா படித்துப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்றார்.

அன்று மாலை வராந்தாவில் அக்காவிடம் போய், "பேனா என்கிட்டதான்க்கா இருந்தது" என்றேன்.

"பேனாதானே. எதிர்க்கடையில விக்குது. நான் போய் வாங்கியிருக்கணும்." சற்று நின்றார். "வேற ஏதாவது சொல்லணுமா தம்பி?"

"இல்லைக்கா."

சரி என்று தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் ஐயாவின் அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. "அறிக்கை அரசாங்கத்துக்குப் போயாச்சு. ஒரு சீட்டுக்காக அதைத் திரும்ப வாங்க முடியுமா? நான் உங்க எழுத்தைத்தானே நம்பினேன்?" என்றார் ஐயா. கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

பிறகு அவர் மெக்கானிக்கின் வக்கீலிடம் போய்ப் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். அலுவலக ரகசியத்தை வெளியே சொன்னதாக மறுநாளே வேலையிலிருந்து நீக்கினார்கள். இருபத்தாறு வருஷம். காலணிப் பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு, குடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். வக்கீல் என்னையும் வந்து கேட்டார். "சீட்டுல என்ன இருந்துச்சோ அதைத்தான் அடிச்சேன்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். எனக்குப் பெண் படித்துக்கொண்டிருந்தாள், வீடு பாதியில் நின்றது, இப்படி ஆயிரம் காரணம். எல்லாம் சாக்கு. பயந்தேன், அவ்வளவுதான்.

கோர்ட்டில் விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது சிறையில் மெக்கானிக்குக் காலையில் நெஞ்சு வலித்திருக்கிறது. வரிசையில் நின்று மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறான். மதியத்துக்குள் போய்விட்டான். நாற்பத்திரண்டு வயது. குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டபடியால் வழக்கு முடிக்கப்படுகிறது என்று நீதிமன்றம் ஒரு வரியில் எழுதியது. அக்காவின் பத்திரத்தை யாரும் பிரித்துப் படிக்க வேண்டிய தேவையே வரவில்லை. ஆள் போனான், எண்பத்தெட்டாம் பக்கம் அறுபது இடத்தில் அப்படியே நின்றது.

இரண்டு மாதம் கழித்து அக்கா எனக்குப் போன் செய்தார். "அந்த அறுபது பிரதியும் எங்கெங்க போச்சுன்னு லிஸ்ட் இருக்கா தம்பி?" எதற்கு என்று நான் கேட்கவில்லை. அனுப்பிவைத்தேன்.

அப்புறம் ஒருநாள் நூலகம் ஒன்றிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குப் புகார் வந்தது. "உங்ககிட்ட வேலை பாத்தவங்களாம். அறிக்கையில கிறுக்கி வெச்சுட்டுப் போயிட்டாங்க. யாராவது வந்து பாருங்க." என்னை அனுப்பினார்கள்.

நூலகர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். எண்பத்தெட்டாம் பக்கம். ஓரத்தில், கோடு போட்டது மாதிரி நேரான கையெழுத்தில், சிவப்பில் எழுதியிருந்தது:

'பார்க்கவில்லை என்பது சாட்சி சொன்னதல்ல. நான் நினைத்தது. என் நினைப்பும் தவறு. பார்த்ததாகவும், மேலாளரிடம் சொன்னதாகவும்தான் சாட்சி சொன்னார். வாக்குமூலம், பக்கம் 612. குறிப்பெடுத்தவள்.'

அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. 'தாமே ஒப்புக்கொண்டார்' என்ற இரண்டு சொற்களுக்கு அடியில் மட்டும் சிவப்புக் கோடு. அதற்கு நேரே ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. மூன்று வரி எழுதுகிற அளவுக்கு இடம், பென்சிலால் லேசாகக் கட்டம் கட்டி விட்டிருந்தார்.

அன்று வராந்தாவில் அவர் ஏன் நின்றார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் சீட்டில் எது இருந்தது, எது இல்லை என்று அவருக்குத் தெரியாதா? பிரமாணப் பத்திரத்திலும் அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தன்னுடையதைத் தன்னுடையது என்று எழுதினார். இன்னொருத்தர் சொல்ல வேண்டியதை அவர் வாயில் வைக்கவில்லை. அந்த நூலகத்தில், நாலு பேர் பார்க்க, நான் அழுதேன்.

"இதை எப்படி அழிக்கிறது சார்?" என்றார் நூலகர்.

"அழிக்காதீங்க. அது சரியாத்தான் இருக்கு" என்றேன். எதிர்க்கடைக்குப் போய் ஒரு சிவப்புப் பேனா வாங்கி வந்து, அந்தக் கட்டத்துக்குள் எழுதினேன்: 'இந்த இரண்டு சொல்லும் சாட்சி சொன்னதல்ல, சீட்டிலும் இல்லை. நான் சேர்த்தது. தட்டச்சு செய்தவன்.' நூலகர் என்னை இனி உள்ளே விடக் கூடாது என்று வாசலில் எழுதி வைத்துவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அலுவலகத்துக்குத் திரும்பிப் போய், நடந்ததை ஐயாவிடம் சொல்லிவிட்டு, ராஜினாமாவை நானே அடித்துக் கொடுத்தேன்.

அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது, இப்போது வெளியே வருவதில்லை. அதற்குள் ஐம்பத்திரண்டு பிரதிகளை முடித்திருந்தார். மீதி எட்டை நான் எழுதினேன், அவருடைய வரிகளை அவர் பெயரிலும் என் வரிகளை என் பெயரிலும். அவர் எழுதியவற்றில் என் கட்டத்தை நிரப்பப் போய்க்கொண்டிருக்கிறேன். நேற்றோடு முப்பத்தொன்று முடிந்தது. சில இடங்களில் திட்டு விழுகிறது. ஒரு கல்லூரியில் காவலாளி கையைப் பிடித்து வெளியே தள்ளினான்.

ஒரு பிரதி மெக்கானிக்கின் மனைவியிடம் இருக்கிறது. அன்று கையில் கொண்டு வந்தாளே, அதே பிரதி. அக்கா முதலில் எழுதியது அதில்தான். அவளை எதிரில் உட்காரவைத்து, வாய்விட்டுப் படித்துக் காட்டியே எழுதினாராம். அடிக்கோட்டைக் காட்டி, "இது யாரும்மா?" என்று அவள் கேட்டதற்கு, "அவரே வந்து சொல்லுவார்" என்றாராம்.

அந்த வீட்டு வாசல் வரைக்கும் மூன்று முறை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். மூன்று முறையும் பேனா பையில் இருந்தது.